பத்துக்குப் பூஜ்யம்

வைத்திக்குப்பத்தில் கல்லுப்பு தானே கரையும்.
தீப்பெட்டி மூன்றாம் நாள் உரசாது.
இங்கே விதை வைத்திருப்பது
ஈரக் கையில் அப்பளம் வைத்திருப்பது.

ஆகவே ஃபிரிட்ஜ்.
சவரிராயனின் இன்சுலினுக்குப் பக்கத்தில்
கதவுத் தட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்.
அடியில் இரண்டு விரற்கடை வறுத்த அரிசி,
மேலே மாத்திரைக் கவர்களில்
வெண்டை, கொத்தவரை, பாகல்,
எல்லாவற்றுக்கும் மேலே
அமலோற்பவம் தந்த முள்ளில்லாக் கத்தரி.
தேதி பென்சிலில். பேனா இந்த ஊரில் நிற்காது.

கார்த்திகைப் புயலில் நாலு நாள் கரண்ட் இல்லை.
தேங்காய்த்திட்டில் மீன் ஐஸ் வாங்கி வந்து
தெர்மாகோல் பெட்டியில் இன்சுலினை வைத்தேன்.
விதையை வைக்கவில்லை.
ஐஸ் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர்.
பாட்டிலைத் துணி சுற்றி
அரிசிப் பானைக்குள் புதைத்தபோது அவர் கேட்டார்:
"எனக்கு மீன் நாத்தம், கத்தரிக்குப் பொன்னியா?"

தை பிறந்ததும் அமலோற்பவத்திடமிருந்து செய்தி.
காரைக்காலில் மகள் வீட்டுக்கு மாடி இருக்கிறதாம்.
அந்தக் கத்தரி இருக்கா?
இருக்கு என்று அனுப்பிவிட்டுத்தான்
பனியன் துணியை நனைத்தேன்.
பத்துப் பத்தாக எண்ணி மடித்தேன்.

வெண்டை எட்டு. கொத்தவரை ஒன்பது.
பாகல் நாலு, பாகலுக்கு அது மோசமில்லை.
கத்தரி,
பதினாலாம் நாளும் பத்துக்குப் பூஜ்யம்.

புயல் என்று எழுதப் போனேன்.
யாரும் மறுக்கப்போவதில்லை.
ஆனால் புரட்டாசியில் ஒரு மத்தியானம்
கீழ்வீட்டு மெகருன்னிசாவுக்குக் காட்டுகிற அவசரத்தில்
குளிர்ந்த பாட்டிலை அப்படியே திறந்தேன்.
உள்பக்கம் வியர்த்தது.
ஒரு மணி நேரமாவது மேஜைமேல் மூடி வைத்து,
சில்லிப்பு போன பிறகுதான் திறக்கணும் என்று
அவளிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்,
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு.

மிச்சம் நாற்பதோ ஐம்பதோ.
இனி எதற்குப் பத்திரம்.
காது உடைந்த பக்கெட்டில் எல்லாவற்றையும் தூவி
விரலால் மண்ணை இழுத்துவிட்டேன்.

பதினெட்டாம் நாள் ஒன்றே ஒன்று.
நூல் மாதிரித் தண்டு, இரண்டு இலை.
போன வருஷம் இதே பக்கெட்டில்
காக்கை போட்டுவிட்டுப் போன மணத்தக்காளி இருந்தது.
பொடிசில் இரண்டுக்கும் ஒரே முகம்.

ஃபோன் மேஜைமேல் கிடக்கிறது.
அவள்தான். இரண்டு செய்தி.
இன்னும் திறக்கவில்லை.
நாலாவது இலை வரட்டும்.