ஏழு அங்குலம்

சுகிர்தத்தின் இடது முழங்கால்
ஏழு அங்குலத்துக்கு மேல் ஏறாது.
ஆபரேஷன் முடிந்து பதினோரு மாதம்.
டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்:
உள்ளே உலோகம், பிளாஸ்டிக், கொஞ்சம் நம்பிக்கை.

ஆபீசர்ஸ் லைனில் இர்ஃபானின் டிராவல்ஸ்.
கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மூன்று படி.
முதல் படியே ஒன்பது அங்குலம்.
தம்பி, உலகத்துக்கு அனுப்புவது இருக்கட்டும்,
முதலில் உன் கடைக்குள் அனுப்பு என்றேன்.
சிரித்துக்கொண்டே லேப்டாப்போடு வெளியே வந்தான்.
வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது.
ஆட்டோவில் உட்கார்ந்தபடியே
சுகிர்தம் ஐரோப்பாவைப் பார்த்தாள்.

வெனிஸ் என்றான்.
எத்தனை பாலம்?
நானூறுக்கு மேல சார், ஒண்ணொண்ணும் அழகு.
பாலத்துக்குப் படி உண்டா?
அவன் விரல் நின்றது.

லிஸ்பன், மேடு.
ப்ராக், கல் பாவிய தெரு;
நம் கோட்டைக்குள் போகும் வழியே தேவலை.
ரோமில் எல்லாரும்
படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறார்கள்.
எழுந்திருப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

முப்பத்தாறு வருஷம் நில அளவைத் துறை.
குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் என்று
சங்கிலி இழுத்தவன் நான்.
வரப்புச் சண்டையில் இரண்டு அரிவாளுக்கு நடுவே நின்று
ஒரு சாண் நிலத்துக்குக் கணக்குச் சொன்னவன்.
இப்போது ராத்திரி கண்ணாடி மாட்டிக்கொண்டு
தெரியாத ஊர்களின் தெருப்படத்தைப் பெரிதாக்கி
நடைபாதை ஓரம் எங்கே தாழ்கிறது என்று தேடுகிறேன்.
பெரிய தேவாலயங்களின் கோபுரத்தை விட்டுவிட்டுப்
பக்கவாட்டுச் சரிவைப் பார்க்கிறேன்.
அருங்காட்சியகம் எதுவானால் என்ன,
கழிப்பறை எத்தனையாவது மாடி
என்பதுதான் எனக்கு வரலாறு.

நோட்டில் எழுதினேன்.
வியன்னா: டிராமின் தரையும் தெருவும் ஏறக்குறைய ஒரே மட்டம்.
பெஞ்சு நிறைய. குளிர்.
சிங்கப்பூர்: எங்கும் லிஃப்ட். இட்லி உண்டு.
வெயில் நம்ம வேலூருக்குத் தங்கச்சி.
கோபன்ஹேகன்: தட்டையான ஊர்.
காபி விலையைக் கேட்டால்
நல்ல முழங்காலும் வலிக்கும்.

ஓசூரிலிருந்து மகள் பெனிட்டா போனில்,
வீல்சேர் சொல்லிடுங்கப்பா, கியூவே கிடையாது.
சுகிர்தம் போனை என் கையில் கொடுத்துவிட்டு
முள்ளுக்கத்தரிக்காயின் காம்பைக் கிள்ளினாள்,
குத்தாமல், ஒவ்வொன்றாக.

ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்:
லிஃப்டும் வேணாம் இட்லியும் வேணாம்.
பாலாறு மாதிரி இல்லாம
நெசமாவே தண்ணி ஓடுற ஆறு.
கரையோரமா சமமா ஒரு பாதை,
அரை மைல் போதும்.
நீங்க பெஞ்சுல உக்காருங்க.
நான் மட்டும் போயிட்டு வர்றேன்,
யார் கையையும் புடிக்காம.

பதினோரு மாதமாக
அவள் முழங்கையில் என் கை.
தாங்கல் என்றுதான் நினைத்திருந்தேன்.
நாற்பது கிராமத்தின் எல்லைக்கல் தெரிந்தவன்
வீட்டுக்குள்ளேயே
அடுத்தவர் பட்டாவில் வேலி போட்டிருக்கிறேன்.

நேற்று போனபோது
இர்ஃபான் கடை வாசலில் ஒரு பலகை சாய்ந்திருந்தது.
ஒன்றுக்குப் பன்னிரண்டு வேண்டும் தம்பி,
இது ஒன்றுக்கு மூன்றுகூட இல்லை, ஆடே ஏறாது என்றேன்.
சுகிர்தம் ஏறவில்லை.
ஆட்டோவை விட்டு இறங்கி
செருப்பு நுனியால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

ஊர் முடிவாயிடுச்சா சார்?
ஆறு ஓடுகிற ஊர் ஏதாவது.
அங்கே பெஞ்சில் உட்கார்ந்தால்
மரம் கிரம் மறைக்காமல்
அரை மைல் தெரியுமா,
அதை மட்டும் விசாரித்துச் சொல்.