முகம் கொடுத்தல்

கௌனாஸில் விடிகாலை நாலு பத்து.
கிரிம்ஸ்பியில் இன்னும் இரண்டு பத்துதான்.
இயந்திரம் கைவிட்ட முகங்கள்
என் திரைக்கு வரும் நேரம்.

வயதை நிரூபி என்கிறது அந்த நாட்டுச் சட்டம்.
பிள்ளைகளைக் காக்கத்தான்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை,
பக்கத்து அறையில் ஒன்பது வயதில் ஒருத்தி
போர்வையை உதைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஒரு முகத்துக்குப் பதினோரு நொடி.
பதினெட்டுக்கு மேலா, கீழா.
அதைத் தவிர நான் எதையும் பார்க்கக் கூடாது.
பார்க்கிறேன்.
பின்னால் காயும் துணி,
சுவரில் சாய்ந்த சைக்கிள்.
நேற்று ஒருவர் இதற்காகவே
தலைவாரிக்கொண்டு வந்திருந்தார்.

இன்றைக்கு ஒரு பெண்.
இடக் கன்னம் முழுக்கத்
தீ நடந்துபோன தடம்.
புருவம் ஒன்றுதான்.
இயந்திரம் முதலில் அவளைப் பன்னிரண்டு என்றது,
அடுத்து எழுபது,
மூன்றாம் முறை
முகமே இல்லை என்றது.

நான் கழுத்தைப் பார்த்தேன்.
ஐம்பதை ஒட்டி இருக்கும்.

அவள் தட்டிய கதவின் பெயரும்
ஓரத்தில் பொடி எழுத்தில் வந்துவிடுகிறது:
குடியை விட்டவர்கள்
இரவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் இடம்.
பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம்,
முகம் வேண்டவே வேண்டாம் என்றுதான்
அங்கே போய்க்கொண்டிருந்திருப்பாள்.
முகம் கொடுத்துப் பேச ஆளில்லாதவளுக்கு
முகமில்லாமல் பேசக் கிடைத்த ஓரிடம்.
இப்போது அதன் வாசலிலும்
முகத்தைக் கொடு என்கிறார்கள்.
கொடுத்திருக்கிறாள்,
மேசைவிளக்கை மட்டும்
வலப்பக்கம் நகர்த்திவைத்து.

பதிமூன்று வயதுப் பையன் ஒருவன்
நெற்றியைச் சுளித்தே
இயந்திரத்தைத் தாண்டிவிட்டானாம்.
அவன் அம்மாவே புகார் எழுதியிருந்தாளாம்.
போன வாரம் மேலாளர் ஷாரூனாஸ்
சிரித்துச் சிரித்துச் சொன்னார்.
நானும் சிரித்தேன்.

பதினோரு நொடி எப்போதோ முடிந்திருந்தது.
'மேல்' என்று அழுத்தினேன்.

'படம் அழிக்கப்பட்டது.'
வாக்குத் தவறவில்லை சட்டம்.
அதன் கீழே இன்னொரு வரி:
'விண்ணப்பதாரர் காத்திருப்பிலிருந்து
வெளியேறிவிட்டார்.'

எத்தனை பேருக்குப் பின்னால் நின்றாளோ.
திரும்ப அழைக்க அவள் முகவரி
என்னிடம் இல்லை, இருக்கவும் கூடாது.
முகம் மட்டும் இருந்தது.
அதையும் அழித்தாகிவிட்டது,
என்னிடமிருந்து தவிர.

கிரிம்ஸ்பியில் இப்போது இரண்டு பதினாலு.
கடைகள் மூடியிருக்கும்.

மூடியிருக்க வேண்டும்.