ஒன்று புள்ளி நான்கு

பேரணாம்பட்டில் ஐந்தே முக்காலுக்கு வண்டி.
வாரம் மூன்று நாள், ஒன்றரை வருஷம்,
டயாலிசிஸுக்கு வேலூர்.
நாளைக்கு எழுநூறு மில்லிதான் என்றார்கள்.
சொம்பில் ஆணியால் கோடு கிழித்தது நான்.
கத்திரி வெயிலில் அவர் ஐஸ் கட்டியை
நாக்கடியில் ஒளித்தபோது
வேறு பக்கம் பார்த்ததும் நான்.

கொடுக்கிறோம் என்று மூன்று பேர் கை நீட்டினோம்.
அவர் அம்மா: சர்க்கரை, முதல் நாளே தள்ளிவிட்டார்கள்.
அக்கா பூங்காவனம்: பொருந்தவில்லை.
பிறகு நான்.
தம்பிகள் இரண்டு பேரும்
ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.
கிட்னி போனவருக்கு ஆரஞ்சு ஆகாது என்று
பையோடு திருப்பிக் கொடுத்தேன்.

என் காகிதத்தில் ஒன்று புள்ளி நான்கு.
சின்னக் கொழுந்தனுக்கும் கம்பெனி செக்கப்பில்
இதே ஒன்று புள்ளி நான்குதானே,
பயமில்லை என்று அனுப்பினார்களே?
டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்தாள்.
ஆம்பளை உடம்பில் தசை கூடம்மா,
அங்கே இந்த எண்ணுக்கு அர்த்தம் வேறே.
உங்களுக்குப்
பாதி போயாச்சு.

எனக்குத் தசை குறைவாம்.
படியில் அவரைத் தாங்கி ஏற்றிய தோள்
இன்னும் விண்விண் என்றது.
சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
அடக்குவது எனக்குப் புதுசா?
ஷூ கம்பெனியில் பதினேழு வருஷம்
மேல்தோல் தைத்தேன்.
கக்கூஸுக்கு டோக்கன், நாளைக்கு இரண்டு.
காலையில் நிரப்பிய பாட்டிலை
நிரப்பியபடியே வீட்டுக்குக் கொண்டு வருவேன்.
இடுப்பு வலிக்குக் கடை மாத்திரை.
அவர் கால் வீங்கிய அன்று
கார் பிடித்தோம்.
என் கால் வீங்கியபோது
கொலுசைக் கழற்றி அடகு வைத்தேன்,
கார் வாடகைக்கும் ஆச்சு.

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் அவர்.
பொய்கை தாண்டும்போது கேட்டார்:
'அப்போ எனக்கு?'
நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.
நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் இறங்கினார்கள்.
ஒரு கூடைக்காரி கண்டக்டரோடு
சில்லறைக்குச் சண்டை போட்டாள்.
பள்ளிகொண்டா போய், பாலாற்றுப் பாலம் வந்து,
மணலில் லாரித் தடங்கள் முடிகிற இடத்தில்
தணிகைவேல் திரும்பினார்:
'அப்போ உனக்கு?'

பதில் சொல்லவில்லை.
பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.
தாகம் தெரிந்த மனுஷன்
பார்த்துக்கொண்டே இருக்க,
கடைசிச் சொட்டு வரைக்கும்
குடித்தேன்.