இருக்கட்டும்

அக்காமா முடிய இன்னும் இருபத்து மூன்று நாள்.
மங்காஃபில் நான்காம் மாடி,
இரண்டு அறை, ஒரு கூடம்:
பதினோரு வருடமாக
'இருக்கட்டும்' 'இருக்கட்டும்' என்று
சொல்லிச் சொல்லிச் சேர்த்தது.

மாவு பிசையும் இயந்திரம்,
ஒரே ஒரு முறை பிசைந்தது.
பைக்குள் பை, அதற்குள் பை.
விசில் தொலைந்த குக்கர் ஒன்று,
குக்கர் தொலைந்த விசில்கள் இரண்டு.
எந்த ஃபோனுடையது என்று
எந்த ஃபோனுக்கும் தெரியாத சார்ஜர்கள்.
கூடத்தின் நடுவே ட்ரெட்மில்.
பிரிட்டோ அதில் ஓடியது நாலு நாள்.
மற்றபடி அவர் சட்டைகள்தான்
அதில் நின்றபடியே காய்ந்தன.

மூன்று குவியல் போடுங்கள் என்றேன்.
கொடுக்க, போட, கொண்டுபோக.
அவர் நான்காவதாக ஒன்று தொடங்கினார்:
பார்க்கலாம்.
சாயங்காலத்துக்குள் மற்ற மூன்றும்
அதில் குடியேறிவிட்டன.

பள்ளிவாசல் சுவரோரம்
தர்மத் துணிகளுக்கு ஒரு இரும்புப் பெட்டி.
போட்டால் திரும்ப எடுக்க முடியாத வாய்.
மகனின் சீருடைகள் போயின,
ஒன்றாம் வகுப்பு முதல் ஏழு வரை,
இஸ்திரி போட்டு, பட்டன் எண்ணி.
அக்குள் கிழிந்த என் நைட்டியைத்
தள்ளப்போன கை நின்றது.
எங்கோ ஒருத்தி அதை உதறி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் முகம்
எனக்குத் தெரிந்துவிட்டது.
வீட்டுக்குக் கொண்டுவந்து
நாலாய்க் கிழித்துத் தரை துடைத்தேன்.
அதற்குத்தான் அது லாயக்கு.

ஹாரிஸ் ஷௌகி தள்ளுவண்டியோடு வந்தார்.
தர்பூசணியைத் தட்டுவதுபோல்
ஃபிரிட்ஜை விரல் முட்டியால் தட்டினார்.
'நல்லது' என்று எடுத்துக்கொண்டார்.
கூடவே சுவர்க் கடிகாரத்தையும்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில்
கம்பளம் விற்கப் போன இடத்தில்
அதைப் பார்த்தேன்.
இரண்டு அடுப்புகளுக்கு மேலே
ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டு
என்னைக் கண்டும் காணாததுபோல் ஓடியது.
எவ்வளவு என்றேன்.
இரண்டு தினார், ஜப்பான் சரக்கு என்றான்.
சும்மா கொடுத்தவள் நான்,
முக்கால் தினாருக்குக் கேட்டேன்.
ஒன்றேகாலுக்குக் கீழே அவன் வரவில்லை.
கோபம் வரவேண்டிய இடத்தில்
ஏனோ கொஞ்சம் பெருமை வந்தது.

கடைசியாக அடுக்களைப் பரண்.
எவர்சில்வர் அண்டா.
கழுத்தோரம் புள்ளிப் புள்ளியாய் வெட்டிய பெயர்:
மோ. திலகவதி 14.9.97.

நாங்கள் குடிவந்த அன்றே அது பரணில் இருந்தது.
யார் திலகவதி?
வாடகைத் தாளில் அந்தப் பெயர் இல்லை.
'மோ' என்பது மோகனரங்கமா, மோசஸா?
பதினோரு கிறிஸ்துமஸுக்கு
அவள் பெயரைச் சுற்றித்தான் பிரியாணி வெந்தது.
கைக்குழந்தைக்கு வெந்நீர் விளாவியதும் அதில்தான்.
தேய்க்கும்போதெல்லாம் என் விரல்
அந்தப் புள்ளிகளைப் படித்திருக்கிறது,
நான் படிக்காமலே.
அவளும் ஒருநாள் இதை
நடுவீட்டில் வைத்துக்கொண்டு
முப்பது கிலோ, முப்பது கிலோ என்று
முனகியிருப்பாள்.

கீழ்த்தளத்து சலூனில் பெருக்கும் புஷ்பமாயா
ஓர் அறைக்கு ஆறு பேர்.
ஞாயிறு மட்டும் சேர்ந்து சமைப்பார்களாம்.
அண்டாவைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள்,
கழுத்தைத் தடவினாள்.
டிசைனா அக்கா என்றாள் இந்தியில்.
பேர் என்றேன்.
உங்க பேரா?
இல்லை.
சட்டென்று திருப்பி நீட்டினாள்.
அப்ப அவங்க கேட்டா?

இருக்கட்டும் என்றேன்,
அவசரத்தில் தமிழில்.
என்ன புரிந்ததோ,
இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
கைப்பிடிச் சுவரில் இடித்து இடித்து
அண்டா மணியடித்துக்கொண்டே இறங்கியது.
மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்து
விலை கேட்டது.