மாதம் முந்நூற்று இருபது

வீட்டுக்காரரின் கடிதம் ஒரே பக்கம்தான்.
மடித்துப் பார்த்தாலும் விரித்துப் பார்த்தாலும்
வாடகை இரண்டு மடங்கு.

ஃபிர்மினோ பழைய படகு அட்டவணையின் முதுகில்
கோடு போட்டான்:
ஊர், வாடகை, ஆஸ்பத்திரி, படிக்கட்டு.
நாற்பது வருஷம் லிஸ்பன் படகுத்துறையில் கயிறு வீசியவன்.
எந்தக் கரையிலும் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை.
இப்போது ஏதாவது ஒன்றில் இறங்கியே ஆக வேண்டும்.
இரண்டு பென்ஷனும் சேர்ந்தால் ஆயிரத்து நூற்று நாற்பது.
'மாத்திரை போக' என்று எழுதினான்,
அடித்தான்,
மறுபடி எழுதினான்.

முதல் ஊர் கடலோரம்.
அழகுதான். அழகுக்குத் தனி வாடகை.
சாப்பாட்டுக் கடையில் விலைப்பட்டியல் மூன்று மொழியில்,
எங்கள் மொழி மூன்றாவது.
ஒரு காபியை இரண்டு பேர் குடித்துவிட்டுப்
பஸ் ஏறினோம்.

இரண்டாவது, மலைமேல்.
தரகர் இல்தா வீட்டைக் கிட்டத்தட்டச் சும்மாவே தந்தாள்.
கல்சுவர், ஆரஞ்சு மரம்,
காது அடைத்துக்கொள்ளும் அமைதி.
"பக்கத்து வீட்டில் யார்?" என்றேன்.
"ஆகஸ்டில் எல்லாரும் வந்துவிடுவார்கள்" என்றாள்.
ஆகஸ்ட் போக இன்னும் பதினோரு மாதம் இருக்கிறதே, மகளே.

மூன்றாவது ஊருக்குள் ரயில் நுழையும்போது
ஃபிர்மினோ எழுந்து நின்றுவிட்டான்.
ஜன்னலில் தேஜோ ஆறு.
எங்கள் பக்கம் கப்பல்களை விழுங்கிக்கொண்டு கிடப்பது,
இங்கே ஒரு பையன் கல்லெறிந்தால்
அக்கரையில் விழும் போலிருந்தது.
"இதுக்கா இவ்வளவு டீசல் எரிச்சேன்" என்றான்.

இரண்டு அறை. தரைத்தளம். வெயில் விழும் சமையலறை.
மாதம் முந்நூற்று இருபது.
"ஏன் இவ்வளவு மலிவு?"
எர்மெலிந்தா அம்மாள் ஜன்னலைத் திறந்து காற்றைக் காட்டினார்.
"காகித ஆலை. தெற்குக் காற்று அடிச்சா அழுகின முட்டை.
வாரத்தில் மூணு நாள்.
பழகிடும்.
பழகாதவங்க போயிட்டாங்க, அதான் காலி."

அந்தக் காய்ச்சலோடு எனக்கு மூக்கு செத்து மூன்று வருஷம்.
ரோஜாவும் தெரியாது, அடிப்பிடித்த பாலும் தெரியாது.
அவன் முகத்தைப் பார்த்தேன்.
கண்ணில் நீர் கட்டியிருந்தது.
"ஒண்ணும் தெரியலையே" என்றான்.
பொய் சொன்னால் சிவக்கும் காது,
கல்யாணத்தன்றே கண்டுபிடித்தது.

குளியலறைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான்,
என் முழங்காலுக்குப் பிடிகம்பி வைக்க.
நான் தெருவில் இறங்கி மருந்துக்கடைவரை நடந்தேன்.
இருநூற்றுப் பதினாறு எட்டு, மேடில்லை.
கடைக்காரர் ஊருக்கே கேட்கப் பேசுகிறார்.
அவனுடைய இடது காதுக்கு அது போதும்.

திரும்பும் வழியில், ரொட்டிக்கடை வாசலில் உறைத்தது:
இரண்டு பேருமே
ஒரு ஆளுக்குத்தான் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
அவன் எனக்கு.
நான் அவனுக்கு.
அட்டவணையில் அதற்குக் கட்டம் போடவில்லை.
ரொட்டி வாங்கினேன். விலை பரவாயில்லை.

முன்பணம் எண்ணும்போது காற்று திரும்பியிருக்க வேண்டும்.
எர்மெலிந்தா அம்மாள் சட்டென்று ஜன்னலைச் சாத்தப் போனார்.
"திறந்தே இருக்கட்டும்" என்றான் ஃபிர்மினோ.
"உட்கார்ந்த இடத்திலிருந்து இவளுக்கு ஆறு தெரியணும்."

கைக்குட்டையை எடுத்து
மேலுதட்டு வியர்வையைத் துடைப்பவன் போல
வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தான்.