ஆறாவது மேசை

ரேப்பினா நூலகத்தின் கணக்கில்
இருநூற்று நாற்பது யூரோ மிச்சம்.
பிப்ரவரிக்குள் செலவழிக்காவிட்டால்
நகராட்சி திரும்ப எடுத்துக்கொள்ளும்.
பஸ்ஸர் வாங்கலாம் என்றாள் லெய்லி.

பழையது ஒரு விசைப்பலகையின் பிரேதம்.
ஹெல்தூர் அதன் வயிற்றைக் கிழித்து
ஆறு கம்பிகளை வெளியே இழுத்து
ஆறு அழைப்புமணிப் பொத்தான்களில்
பற்றவைத்திருந்தான்.
ஏழு குளிர்காலம் அதை வைத்துத்தான்
வினாடி வினா நடத்தினோம்.
கேள்வி வாசிப்பவன் நான்.
முந்தியது யார் என்று சொல்வது கணினி.

மாதிரிகள் வந்தன.
முதலாவது கம்பியில்லாதது.
சிவப்பு, வழவழப்பு, மேலே வெள்ளைப் புள்ளிகள்.
காட்டில் இப்படியொரு காளானைக் கண்டால்
தொடக்கூட மாட்டேன் என்றாள் லெய்லி.
மின்கலம் இளைத்த மறுநாள்
அழுத்தினால், அது யோசித்துவிட்டு
ஒலித்தது.

கைபேசி போதாதா என்றான் அவள் மகன்.
இந்தச் சுவர் ஒரு மீட்டர் கருங்கல்.
வைஃபை வாசலில் பூட்ஸைக் கழற்றி
அங்கேயே உட்கார்ந்துவிடும்.
போதாக்குறைக்கு,
கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டு
விடையைத் தேடாதே என்பது
பாலுக்குப் பூனையை வைப்பது.

மூன்றாவதற்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி.
யார் முதல் என்று பெட்டியே தீர்மானிக்கும்,
மற்ற ஐவரையும் பூட்டும்,
அப்புறம்தான் கணினிக்குச் சேதி.
இருநூற்றுப் பத்தொன்பது. தபால் இருபத்துநான்கு.

பழையதில் என்ன குறை
என்று எழுதித் தரச் சொன்னது நகராட்சி.
குறையா? யோசித்தோம். தெரியவில்லை.
ஹெல்தூர் வீட்டிலிருந்து
ரொட்டி வெட்டும் பலகையைக் கொண்டுவந்தான்.
ஒன்றாம் பொத்தானையும் ஆறாம் பொத்தானையும்
பக்கம் பக்கமாக வைத்து
பலகையால் ஒரே அடி.
ஒன்று.
மறுபடி. ஒன்று.
பலகையைத் திருப்பிப் பிடித்தான். ஒன்று.
நாற்பது அடியில் முப்பத்தேழு
ஒன்றாம் மேசைக்கு.

அது ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போகிறது,
என்றான் ஹெல்தூர், மெதுவாக.
ஆறுக்கு வந்து சேர்வதற்குள்
ஒன்று கையைத் தூக்கிவிடுகிறது.
கண்ணிமைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை
அந்தத் தூரம்.
அதற்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

தீட்ரிக். பனி வாரும் வண்டி ஓட்டுபவன்.
எப்போதும் தாமதமாக வருவான்,
எப்போதும் கதவோரத்து ஆறாம் மேசைதான் கிடைக்கும்.
நான்தான் முதலில் அழுத்தினேன் என்பான்,
ஒவ்வொரு வாரமும்.
ஊரே சிரிக்கும்.
உலான் பத்தோரின் பழைய பெயர் கேட்ட இறுதிச் சுற்றில்
அவன் எழுந்தே நின்றுவிட்டான்.
உர்கா, என்றது ஒன்றாம் மேசை.
இயந்திரம் பொய் சொல்லாது தீட்ரிக்,
என்றேன் நான், ஒலிபெருக்கியில்.
அதன்பின் அவன் வரவில்லை.

தொலைபேசியில் வண்டி இரைந்தது.
சொன்னேன்.
இரைச்சல் நின்றது.
எத்தனை முறை?
நாற்பதில் முப்பத்தேழு.
மீதி மூன்று?
உனக்கு.
வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.
பெட்டியுள்ளதை வாங்குங்கள் என்றான் பிறகு,
எனக்கு அந்த மேசை வேண்டாம்,
முழங்காலில் காற்றடிக்கிறது.

குறைந்த மூன்று யூரோவை
காப்பி டப்பாவிலிருந்து எடுத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை நல்ல பனி.
பேய்ப்சி ஏரிச் சாலை முழுக்க
அவன்தான் வார வேண்டியிருந்தது.
வந்தபோது ஐந்து மேசையும் நிறைந்துவிட்டன.
கதவை முதுகால் சாத்தி
கையுறையோடு உட்கார்ந்தான்.

நான் கேள்வியைப் பாதிதான் வாசித்திருந்தேன்.
ஆறாம் விளக்கு எரிந்தது.
அறை முழுவதும் அதைப் பார்த்தது.
அவனும் பார்த்தான், கொஞ்ச நேரம்,
விடை சொல்ல வேண்டும் என்பதே மறந்து.
பிறகு சொன்னான்.

தவறு.
ஐந்து புள்ளி கழித்தேன்.