வால்வு எண் பதினேழு

கூத்தப்பாக்கம், நான்காவது குறுக்குத் தெரு.
புகார்ப் புத்தகத்தில் இப்படி இருந்தது:
'குழாய் கசிகிறது. நத்தை வருகிறது.'
இரண்டாவது வாக்கியத்துக்கு நான் ஆள் இல்லை.
ஆனாலும் ஸ்பானரோடு போனேன்.

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
காலை ஆறரைக்கே இரும்பு சுடுகிறது.
ஊர் நத்தையெல்லாம்
வாயில் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டு
செங்கல் இடுக்கில், தென்னை மட்டைக்கடியில்
இருக்கிறதா போய்விட்டதா தெரியாமல்
கிடக்கிற காலம்.
ஆனால் வால்வு பதினேழைச் சுற்றி
ஒரு முறம் அகலத்துக்கு ஐப்பசி.

நிமிடத்துக்கு நாற்பது சொட்டு. எண்ணினேன்,
அது என் வேலை.
பாசி, கொஞ்சம் கோரை,
இன்பவல்லி டீச்சரின் பப்பாளி நிழல்.
காம்பவுண்ட் சுவரின் அடியில்
சுண்ணாம்பு கோடு கோடாய்ச் சுரண்டியிருக்கிறது.
"ஓட்டுக்கும் முட்டைக்கும் அது வேணும்ணே,
பிள்ளைத்தாச்சி சாம்பல் தின்ற மாதிரி"
என்றான் ஜெயசீலன், கிளறிக்கொண்டே.
சொல்லி முடிக்குமுன்
மண்வெட்டி நுனியில் முட்டைகள்:
வேகாத ஜவ்வரிசி, லேசான மஞ்சள்,
மூன்று விரல் ஆழத்தில், ஒன்றோடொன்று ஒட்டி.
நூற்றைம்பதுக்குப் பிறகு எண்ணவில்லை.
அது என் வேலை இல்லை.

பக்கத்தில் இரண்டு, பின்னிக் கிடந்தன.
எது ஆண் என்று கேட்டான்.
ரெண்டும் ரெண்டும்தான் என்றேன்.
"அப்ப சண்டையே வராது."
கல்யாணமாகி எட்டு மாதம் அவனுக்கு.

டீச்சர் கல்லுப்பு டப்பாவோடு கேட்டில் நின்றார்.
பப்பாளிக் கன்று மூன்று போய்விட்டதாம்,
கீரைப் பாத்தி முழுசாம்.
பொய் இல்லை, தண்டு மட்டும் நின்றது.
"உப்பு போடாதீங்க டீச்சர், செடியும் போயிடும்.
ஈரத்தை எடுத்தா போதும்."
சொன்னது நான்தான்.
வாஷர் மாற்றி இறுக்கினேன்.
கடைசிச் சொட்டு கொஞ்ச நேரம் தொங்கி
விழாமலே காய்ந்தது.

பத்து நாள் கழித்து அந்த வழியே போனபோது
குந்திப் பார்த்தேன்.
மண் பாளமாய் வெடித்திருந்தது.
ஜவ்வரிசி சுருங்கி,
எறும்பு இழுத்தது போக மீதி.
புத்தகத்தில் எழுதினேன்: சரி செய்யப்பட்டது.
வேறு எழுத அதில் கட்டம் கிடையாது.

பிறகு துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
விடிய விடிய மழை. கெடிலம் செம்மண்ணாய் ஓடியது.
ஒவ்வொரு இடுக்கிலும் தாள் கிழிந்தது.
காலை ஐந்தரைக்கு போன்:
"சுவர் பூரா நத்தை. படியில, மீட்டர் பெட்டியில.
மறுபடியும் லீக்கா?"
"இல்ல டீச்சர், வால்வு நல்லா இருக்கு."
"பின்னே?"
"இதுக்கு வால்வு கடல்ல இருக்கு."
அவர் சிரிக்கவில்லை.

ரெயின்கோட் சொட்டச் சொட்ட
பம்ப் ஹவுஸ் வந்தேன்.
போன மாதம் வெள்ளையடித்த சுவரில்
உள்ளங்கை நீளத்துக்கு ஒன்று
அசையாதது போல் அசைந்துகொண்டிருந்தது.
மாநகராட்சியில் 'மா' போயிருந்தது,
மீதி நகராட்சி.
ஒரு எழுத்துச் சுண்ணாம்பு
எத்தனை முட்டைக்கு ஆகுமோ.